எண்ணிக்கையைச் சொல்லாத அவை

1

தை பிறந்து பதினோராம் நாள் திருப்பதியிலிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டில் ஏழு வருஷமாகக் குடியிருந்தவர் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னார். மகளுக்குச் சித்தூரில் வேலை கிடைத்துவிட்டதாம். குடும்பத்தோடு அங்கே போகிறார்களாம். சந்தோஷமான செய்திதான். "நல்லா இருங்க சார்" என்று சொல்லி வைத்தேன். வைத்த கையோடு கவலை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் ஐந்து அறை, பதினோரு ஜன்னல், மாடிக்குப் பதினாறு படி. ஆள் இல்லாத வீட்டில் முதலில் குழாய் துருப்பிடிக்கும். அடுத்து கதவு உப்பும். பிறகு கரையான்.

அன்றைக்கு இங்கே ஒட்டாவாவில் மைனஸ் இருபத்துமூன்று. பனி தள்ளுகிற வண்டி காலையிலிருந்து நான்கு முறை எங்கள் தெருவில் போய்விட்டது. மகள் கலாவும் மருமகன் முரளியும் வேலைக்குப் போயிருந்தார்கள். பேத்தி நித்யாவுக்குப் பள்ளிக்கூடம். என் மனைவி சரசு சமையல் மேடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்து பேர் இருக்கிற வீடு இது. பகலில் இரண்டு பேர்தான்.

"சரசு, வீடு காலி ஆவுது" என்றேன்.

"எந்த வீடு?"

"நம்ம வீடுதான். திருப்பதில."

"அதுக்கு இப்ப இன்னா?"

"போய்டலாமா? ஒரேடியா?"

ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் பார்த்தாள். முற்றிப்போயிருந்தது. எடுத்துப் போட்டாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

மற்றதற்கெல்லாம் இருக்கிறது. எனக்கு எழுபத்தேழு வயது. ஆந்திர அரசின் மண்டல அலுவலகங்களில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இங்கே வந்து பதினோரு வருஷமாகிறது. சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் மருந்து சாப்பிட்ட நாள், பனி விழுந்த நாள், குப்பை வண்டி வராத நாள் எல்லாம் சிறு கோடுகளாகக் குறித்து வைப்பேன். இந்தக் குளிர்காலத்தில் சரசு "ஊருக்கே போய்டலாங்க" என்று சொன்ன நாட்களுக்கும் கோடு போட்டிருக்கிறேன். பதினான்கு கோடுகள். ஆகவே அவள் மனசு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

2

ஊரிலிருப்பவர்களுக்கு இங்கத்திய நிலைமை புரிவதில்லை. "அங்கேயே செட்டில் ஆயிட்டீங்களே" என்கிறார்கள். நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை. நிரந்தரமாகத் தங்கலாம் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்த நிரந்தரத்துக்கும் ஒரு எண் உண்டு: எழுநூற்று முப்பது. ஐந்து வருஷத்தில் எழுநூற்று முப்பது நாளாவது இங்கே இருக்கவேண்டும். குறைந்தால் நிரந்தரம் போய்விடும். ஊருக்குப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் மகளைப் பார்ப்பதற்கும் விசா கேட்டு விரல் ரேகை வைக்கவேண்டும்.

அட்டையைப் புதுப்பிக்கிறபோது ஐந்து வருஷத்தில் நாட்டைவிட்டு வெளியே போன ஒவ்வொரு நாளையும் எழுதச் சொல்கிறார்கள். மற்றவர்கள் இதற்குப் பயப்படுவார்கள். நான் அந்தத் தாளை இருபது நிமிஷத்தில் நிரப்பினேன். கலா பார்த்துவிட்டு, "நைனா, உங்களுக்காகவே பாரம் அடிச்சிருக்கான்" என்றாள். ஆனால் பெயர் எழுதுகிற கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரை எழுதினோம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அப்பா பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். இறந்து நாற்பது வருஷம் ஆன மனிதருக்காக நான் எழுந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

குடியுரிமை கேட்டு நான் எழுதிப்போடவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை. அதனால் இங்கே எனக்கு ஓட்டு இல்லை. திருப்பதியில் வாக்காளர் பட்டியலிலிருந்து எங்கள் இரண்டு பெயரும் நீக்கப்பட்டுவிட்டன. ஊரில் இல்லாதவன் பெயரை நீக்குவது முறைதான். நானே என் காலத்தில் எத்தனையோ பெயர்களைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். ஆக, வேலையில் இருந்த காலமெல்லாம் ஓட்டு எண்ணியே கழித்தவனுக்கு இன்று உலகத்தில் எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை.

ஒருவேளை அதனால்தான் இந்த நாட்டுப் பாராளுமன்றத்தைப் பார்க்கிற பழக்கம் வந்தது. டிவியில் அதற்கென்றே ஒரு சேனல் இருக்கிறது. முரளி ஹாக்கி பார்க்காத நேரமெல்லாம் நான் அதைப் பார்ப்பேன்.

3

இங்கே கீழவையில் முந்நூற்று நாற்பத்துமூன்று பேர். பொதுத்தேர்தல் முடிந்து அவை கூடினதும் முதல் வேலை சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. அது முடியாமல் வேறு எதையும் தொடமுடியாது. அவையில் அதிக காலம் உறுப்பினராக இருக்கிறவர், அமைச்சராக இல்லாதவர், அன்றைக்கு மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து இதை நடத்திக்கொடுக்கிறார்.

யார் வேட்பாளர் என்பதில்தான் வேடிக்கை. நம் ஊரில் நிற்கிறவன் மனு கொடுக்கவேண்டும். இங்கே நிற்க விருப்பமில்லாதவன் எழுதிக் கொடுக்கவேண்டும். முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத ஒவ்வொரு உறுப்பினரும் வேட்பாளர்தான். அமைச்சர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் மட்டும் அந்த வாய்ப்பு கிடையாது. பெயர் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். பிறகு ரகசிய வாக்கு. சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுதவேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இதை அவையின் செயலாளர் தனியாக உட்கார்ந்து செய்கிறார். ஜெயித்தவர் பெயர் மட்டும் வெளியே வரும். யாருக்கு எத்தனை என்று எந்நாளும் சொல்லமாட்டார்கள். சீட்டுகளையும் அழித்துவிடுவார்கள்.

சென்ற தேர்தலுக்குப் பிறகு இதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபமே வந்தது. எண்ணிக்கையைச் சொல்லாமல் அது என்ன தேர்தல்? எண்ணினவன் வயிறு வெடித்துவிடாதா?

ஜெயித்தவர் நாற்காலிக்குத் தானாக நடந்து போகக்கூடாது. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுப்பார்கள். அவர் வரமாட்டேன் என்று திமிறுவார். அவையே சிரிக்கும். இங்கிலாந்தில் பழைய காலத்தில் அரசனிடம் போய் அவையின் முடிவைச் சொல்லுகிற வேலை சபாநாயகருடையது. பிடிக்காத முடிவைக் கொண்டுபோய்த் தலை இழந்தவர்கள் உண்டாம். அந்தப் பயம் இன்றும் நாடகமாக நடக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் விவாதத்தில் பேசக்கூடாது. ஓட்டும் போடக்கூடாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு ஓட்டு உண்டு. அதையும் தன் மனசுப்படி போடுவது வழக்கமில்லை. இருப்பது இருந்தபடி இருக்கட்டும், வேண்டுமானால் பிறகு பேசிக்கொள்ளட்டும் என்கிற பக்கம்தான் போடுவார்.

டெல்லியில் அப்படியில்லை. தற்காலிகத் தலைவர் ஒருவர் உட்காருவார். ஒருவர் பெயரை முன்மொழிவார்கள், வழிமொழிவார்கள். ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க. எந்தச் சத்தம் பெரிதோ அது ஜெயித்தது. எண்ணிக்கை வேண்டும் என்று யாரும் வற்புறுத்தாவிட்டால் அவ்வளவுதான். காதால் எண்ணுகிற கணக்கு அது. பிறகு இரண்டு தலைவர்களும் மரியாதையாக நாற்காலிவரை கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் திமிறுவதில்லை.

ஒருமுறை நேரிலும் போய்ப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறி, பனியில் நாற்பது நிமிஷம் வரிசையில் நின்று, கோட்டு, தொப்பி, பை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மாடத்துக்குப் போனால், பேனாவையும் கேட்டார்கள். பார்வையாளர்கள் குறிப்பு எழுதக்கூடாதாம். நல்லவேளை, விரல்கள் இருந்தன. அன்றைக்கு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வெளியே இருப்பவர்களை அழைக்க அரைமணி நேரம் மணி அடித்தார்கள். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் குறித்தார்கள். எழுந்து நின்றவர்கள் யாருடைய கையையும் யாரும் பிடித்திருக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

ஏன் என்று சொல்லவேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. எந்த மண்டலம் என்று எழுதமாட்டேன். புத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டலம், தமிழ்நாட்டில் ஒன்றியம் என்பார்களே, அது. பதின்மூன்று உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கை தூக்கி. சட்டமே அப்படி. ரகசியம் கிடையாது.

உறுப்பினர்கள் ஒரு வாரமாக ஊரில் இல்லை. அதற்குக் கேம்ப் என்று பெயர். எதிர்க்கட்சிக்காரன் இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு வேனில் ஏற்றி எங்கேயோ வைத்திருப்பார்கள். தேர்தலன்று காலை அதே வேன் நேராக அலுவலக வாசலுக்கு வரும். இறங்கும்போதே சட்டையெல்லாம் கசங்கியிருக்கும். பெண் உறுப்பினர்கள் குழந்தைகளை ஒரு வாரம் பார்க்காமல் வந்திருப்பார்கள்.

அவர்களில் வள்ளியம்மா என்று ஒரு பெண். நகரிப் பக்கம் பவர்லூம் ஓட்டுகிற தமிழ்க் குடும்பம். முப்பது வயதிருக்கும். அவளுடைய கணவனின் அண்ணனும் ஒரு உறுப்பினர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேர்தல் நடத்த வந்த அதிகாரி முதல் பெயரைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று தெலுங்கில் சொன்னார். எண்ணுவது என் வேலை. கைகள் எழுந்தன. ஆறு. பிறகு ஏழாவதாக ஒரு கை. மச்சாண்டார் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியிருந்தார். கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை சரிந்தன. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தெலுங்கில் "ஏடு" என்றேன். ஏழுக்கு ஆறு. அதை எழுதி அவர் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நான் கைய தூக்கல சார். மச்சாண்டார்தான் தூக்கனாரு. நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

"எழுதியாச்சும்மா. அதிகாரி கையெழுத்து போட்டாச்சு."

"கை என்துதானே சார்? என்னிய ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினேன். அந்தத் தாளில் பிழை எதுவும் இல்லை. ஏழு கை மேலே இருந்தது உண்மை.

5

வீடு காலியாகிற செய்தி வந்து மூன்று வாரமாக நான் இதே பேச்சாக இருந்தேன் என்று கலா சொல்கிறாள். இருந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நைனா, ஒண்ணு போங்க, இல்ல இருங்க. தினமும் கரையான் கதை கேக்க முடியல" என்றாள்.

"ஓட்டு வைக்கலாம்" என்றாள் நித்யா. பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் குடிமையியல் படித்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வாக்கியம் எங்கே தொடங்கி எந்த மொழியில் முடியும் என்று சொல்லமுடியாது. "தாத்தா பாக்கற மாதிரியே. ப்ராப்பரா. முதல்ல ஸ்பீக்கர்."

ஸ்பீக்கர் பதவி வேண்டாம் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்ற விதியை நான் ஆர்வமாக விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் முரளி, கலா, நித்யா மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சரசு, "நானும் வாணாம்னு போட்டுக்கோ கண்ணு" என்றாள். எழுதிக் கொடுக்காதவன் நான் ஒருவன். போட்டியின்றித் தேர்வானேன்.

ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து கலா ஒரு கையையும் முரளி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். முரளி வேலூர்க்காரர். கிண்டல் அதிகம்.

"இன்னும் கொஞ்சம் மொரண்டு புடிங்க மாமா. இவ்ளோ ஈஸியா வந்தா ஆசப்பட்டு வந்த மாதிரி இருக்கும்."

"முட்டி வலிக்குதுப்பா, மெதுவா."

"அது சூப்பர். அப்படித்தான் அழுவணும்."

சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நித்யா குனிந்து என் காதில், "தாத்தா, இனிமே நீங்க பேசக்கூடாது. ஓட்டும் கிடையாது" என்றாள். அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் மூன்று வாரமாகப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன். என்னை உயரத்தில் ஏற்றி வாயை அடைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு ஓட்டாவது மிஞ்சியிருக்கும்.

கேள்வி இது: தாத்தாவும் ஆயாவும் ஊருக்கே திரும்பிப் போய்விடுவதா, இங்கேயே இருப்பதா.

முரளி பேசினார். மாமாவின் மனசு அங்கேதான் இருக்கிறது, உடம்பை மட்டும் இங்கே வைத்து ஹீட்டர் போடுகிறோம் என்றார். கலா இரண்டு பக்கமும் பேசினாள். அங்கே போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். அட்டை போய்விட்டால் திரும்ப வாங்கமுடியாது என்றாள். பிறகு, "ஆனா இங்க அவர் சந்தோஷமா இல்ல. அத நான் தினம் பாத்துக்கினு இருக்க முடியாது" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆர்டர் தாத்தா" என்றாள் நித்யா.

மூன்று முறை வாயெடுத்தேன், மூன்று முறையும் ஆர்டர். நித்யா தன் முறையில், "செப்டம்பர்ல நான் யுனிவர்சிட்டிக்கு ஹாலிஃபாக்ஸ் போயிடுவேன். இங்க இருக்கவே மாட்டேன். அப்ப எனக்கு ஓட்டு இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். அவள் போகப்போகிறாள் என்பது தெரிந்ததுதான். அவள் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கீது" என்றேன். அதுதான் நான் கொடுத்த ஒரே தீர்ப்பு.

சரசுவின் முறை. அவள் மேஜை விரிப்பில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் எடுத்தாள். "எனக்கு பேச ஒண்ணுமில்ல. அவரு எங்க சொல்றாரோ அங்க."

"ஆயா, அது ஸ்பீச் இல்ல. அது தாத்தாவோட ஸ்பீச்."

"நாப்பத்தெட்டு வருசமா அதாம்மா ஸ்பீச்சு" என்றாள் சரசு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

6

நித்யா ஒரே அளவில் நான்கு சீட்டு வெட்டினாள். யார் எழுத்து என்று தெரியக்கூடாது, அதனால் எல்லாரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போய் எழுதி, மடித்து, முறுக்கு டின்னில் போட்டார்கள். சரசுதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எண்ணுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

முதல் சீட்டு: போகலாம். இரண்டாவது: இருக்கலாம். மூன்றாவது: போகலாம். மூன்றும் ஆங்கிலத்தில், அச்சடித்தது மாதிரி.

நான்காவது சீட்டு தெலுங்கு எழுத்தில் இருந்தது.

சரசு கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மட்டும். தமிழைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவாள். கல்யாணமான புதிதில் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் பஸ் நம்பரும் கடைப் பெயரும் படிப்பாளே தவிர எழுத வராது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை. இத்தனை தேர்தல் நடத்தின எனக்கும் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

சின்னச் சின்ன எழுத்தாக, தமிழ் வார்த்தை. இருக்கலாம்.

முதலில் நான் அதை நம்பவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமில்லை. பதினான்கு கோடு போட்டிருக்கிறேனே, ஊருக்கே போய்டலாங்க என்று பதினான்கு நாள் சொன்னாளே என்று ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். இருமல் வந்து நான் தூங்காத நாள். பென்ஷன் ஆபீசுக்கு உயிர்ச் சான்றிதழ் அனுப்பி, அது போய்ச் சேரவில்லை என்று நான் கத்தின நாள். கலாவோடு நான் சண்டை போட்ட நாள். அழுகிற பிள்ளைக்கு நிலாவைக் காட்டுகிற மாதிரி அவள் அந்த வார்த்தையை எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் அதை ஓட்டாக எண்ணியிருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கழித்தல் கணக்கு வேண்டாம் என்றாலும் வந்துவிடும். நான்கில் சரசுவின் ஒன்றை எடுத்துவிட்டால் மூன்று. அந்த மூன்றில் இரண்டு, போகலாம். என் மகள், என் மருமகன், என் பேத்தி. மூவரில் இருவர் நாங்கள் போகட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்காக எழுதினார்களா, தங்களுக்காக எழுதினார்களா? கரையான் கதை கேட்டு அலுத்துப்போய் எழுதினார்களா? சீட்டில் காரணம் எழுத இடம் கிடையாது. எந்த இருவர் என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பனி தள்ளுகிற வண்டி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மூன்றாவது முறை.

இரண்டுக்கு இரண்டு. இப்போது எனக்கு ஒரு ஓட்டு இருந்தது. உலகத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஓட்டு.

எனக்குப் போகவேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும். தெருவில் நாலு பேர் தெலுங்கிலும் தமிழிலும் திட்டிக்கொள்வது காதில் விழவேண்டும். என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடவேண்டும். நான் போகலாம் என்று போட்டால் மூன்றுக்கு இரண்டு. எவரும் குறை சொல்லமாட்டார்கள். சரசு மறுபேச்சு இல்லாமல் பெட்டி கட்டுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சீட்டுகளை நான்காகக் கிழித்தேன். தெலுங்குச் சீட்டைக் கொஞ்சம் பொடியாக. குளியலறைக் குழாயில் நனைத்து உருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கீழே வந்தேன்.

"இருக்கறோம்" என்றேன்.

"சரி மாமா" என்றார் முரளி. கலா சட்டென்று எழுந்து, "டீ போடறேன்" என்று திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முயலவில்லை. நித்யா, "எத்தனைக்கு எத்தனை தாத்தா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி, கேக்கக்கூடாது" என்றாள். சரசு டின்னை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. மூடியைப் போட்டு அலமாரியில் வைத்தாள்.

சமமாக வந்தது என்றோ, நான் ஓட்டுப் போட்டேன் என்றோ வீட்டில் யாருக்கும் தெரியாது. இதை நான் எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகை இங்கே வருவதில்லை.

7

செவ்வாய்க்கிழமை காலையில் திருப்பதியில் வீடு பார்த்துக் கொடுக்கிறவரைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், வந்துடறேன்னு சொல்லிக்கினு இருந்தீங்க, நான் பெயிண்டருக்கே சொல்லி வெச்சுட்டேன்" என்றார்.

"பெயிண்ட் அடிங்க. அடிச்சிட்டு வாடகைக்கு ஆள் பாருங்க. குழந்தைங்க இருக்கற குடும்பமா பாருங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சரசு கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போவாள். ஆறு வருஷம் முன்னால் முட்டிக்கு நல்லது என்று டாக்டர் அனுப்பியது. நான் இதுவரை கூடப் போனதில்லை. குளிரில் போய் ஈரத்தோடு வருகிறாளே என்று திட்டியிருக்கிறேன்.

"இரு, நானும் வரேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா."

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர்தான். அவள் கையுறைக்குள் விரல்களைச் சுருட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"நான் தெலுங்குல எழுதிட்டேன். டின்னுல போட்ட அப்பாலதான் நெனப்பு வந்திச்சு."

"எதுல?"

"சீட்டுல."

"நான் எழுத்த பாக்கல. எண்ணினேன், அவ்ளோதான்."

"நீங்க? எழுத்த பாக்காம?"

"பாக்கல."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூச்சு புகையாக வந்து போனது. "சரி, பஸ்சு வருது. ஐஸு கீது, பாத்து ஏறுங்க" என்றாள்.

குளத்தில் வெதுவெதுப்பும் மருந்து வாசனையும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு இருந்தது. கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்து உட்கார்வதற்குள் அவள் தண்ணீரில் இருந்தாள். முழங்கால்வரை கறுப்பு உடை, தலையில் நீல உறை. பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு சோமாலி அம்மாள் அவளைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். சரசு தண்ணீரைத் துப்பிச் சிரித்து, ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னாள். என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். திரும்பி வந்தால் இரண்டு. நான் எண்ணத் தொடங்கினேன். அவசரப்படாமல், தண்ணீரை ஒதுக்கி ஒதுக்கிப் போனாள். வீட்டில் மாடிப்படியில் கைப்பிடியை விடாதவள். பதினைந்தில் என் பக்கத்துச் சுவரைப் பிடித்து நின்றாள். நான் கதவைத் திறந்து ஓரமாகப் போய் நின்றேன்.

"பதினஞ்சு" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினெட்டு."

"நான் எண்ணிக்கினுதானே இருந்தேன்?"

"நீங்க கோட்டு கழட்டி உக்கார்ற வரைக்கும் நான் சும்மாவா இருந்தேன்? இன்னும் ரெண்டு கீது. தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்துக் கிளம்பினாள்.